தொகாஷி வீட்டுக் கழிப்பறையில் நான் உட்கார்ந்த மாலை

அன்பு மகன் யோஷினரிக்கு, ஷோனாயிலிருந்து அம்மா எழுதுவது.

வயலுக்குத் தண்ணீர் விட்டாயிற்று, தவளைகள் போடும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை, மற்றபடி நானும் சிகுசாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். தீவில் நீயும் மருமகள் ரிட்சுகோவும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா இல்லையா என்று இரண்டு கப்பலாகக் கேட்கிறேன், நீ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதுகிறாய். துறைமுகத்தில் நின்று வேலை செய்கிறவன் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை உன் மகள் தன் வானொலிப் பெட்டியிலிருந்து அனுப்பிய சமிக்ஞை அவ்வளவு கடலையும் தாண்டி உன்னிடம் வந்து சேர்ந்தது, கிடைத்தது என்று நீயும் பதில் போட்டாய். ஆனால் அது இங்கிருந்து எந்த லட்சணத்தில் கிளம்பியது என்று சிகுசா சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கே பாதி தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், போர்க்காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆகையால் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன், தப்பிருந்தால் நீ திருத்திப் படித்துக்கொள். சிகுசா இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்த அலைகள் குட்டை, முற்றத்துக் கம்பியே போதும். இப்போது பிடித்திருப்பது நெட்டை அலை, ஒரு அலை முடிய நம் வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை ஆகுமாம். அதற்கு நியாயமாகப் போட வேண்டிய கம்பம் நம் கோயில் தேவதாரு மரத்தைப் போல ஐந்து மடங்கு உயரம். அதைப் போட நாம் என்ன அரசாங்கமா. முதலில் பட்டம் விட்டு அதன் நூலுக்குப் பதில் கம்பியை ஏற்றிப் பார்த்தாள், பகலெல்லாம் ஜோராக நின்ற பட்டம் அலை நன்றாகப் போகும் நேரமான அந்தி வந்ததும் காற்றில்லாமல் முட்டைக்கோஸ் பாத்தியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு வீட்டைச் சுற்றி வளையமாகக் கம்பி கட்டலாமா என்று கணக்குப் போட்டாள், “கேக்கறதுக்கு அது நல்லா இருக்கும் பாட்டி, கத்தறதுக்கு ஆகாது” என்றாள். கடைசியில் நீ பிறந்தபோது மீன்கொடி பறக்கவிட உன் அப்பா நட்ட கம்பத்தின் உச்சிக்குக் கம்பியை ஏற்றி, அங்கிருந்து களஞ்சியக் கூரை வரைக்கும் மூன்று கம்பிகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தாள். உயரத்தில் குறைந்ததை அகலத்தில் ஈடுகட்டுவதாம். அப்படியும் போதாத நீளத்துக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும் என்று என் முள்ளங்கி ஊறுகாய் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள், இந்த வருஷம் ஊறுகாய் கிடையாது, சொல்லிவிட்டேன். வயலை உழுதபோதே மண்ணுக்கடியிலும் கம்பிகளைப் புதைத்தாள். தண்ணீர் நின்றதும் மண் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று குதித்தாள், அப்புறம் சுருளை மறுபடி முதலிலிருந்து சரிக்கட்டினாள். இத்தனைக்கும் பிறகு உள்ளே போவது இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம், வெளியே பறந்து போவது சைக்கிள் விளக்களவு. மீதி மண்ணுக்கும் வாளிக்கும் கூலி. அந்தச் சைக்கிள் விளக்கை உன் தீவு வரை தெரிய வைத்தாளே, இந்த மாவட்டத்தில் வேறு எந்தப் பெண் செய்வாள் சொல்.

ஆனால் கம்பி போட்டால் ஆயிற்றா. இந்த அலைக்குப் பக்கத்து வீட்டார் எல்லோரும் சம்மதித்து முத்திரை வைக்க வேண்டும். நானும் அவளும் பயறு இனிப்புப் பெட்டியோடு போய்க் குனிந்தோம், மற்ற வீடுகளில் உடனே வைத்தார்கள். தொகாஷி மட்டும் மாட்டேன் என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், முந்தின குளிர்காலத்தில் சிகுசா பழைய கம்பியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக் கழிப்பறையின் மின்சார இருக்கை, பொத்தானை யாரும் தொடாமலே கீழிருந்து தண்ணீர் அடித்துத் தானாகக் கழுவத் தொடங்கிவிட்டது, மனிதர் அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். மறுநாளே சிகுசா மன்னிப்புக் கேட்டு மின்வடத்தில் ஒரு காந்த வளையம் மாட்டிக் கொடுத்தாள், அதற்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை, என்றாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. “பனி கொட்டறப்ப பச்சத் தண்ணி பட்டவனுக்குத்தான் அது தெரியும், சின்ன கம்பிக்கே அந்தப் பாடு, இந்தப் பெரிய கம்பி என்னைக் கூரை வரைக்கும் தூக்கும்” என்றார். அவர் மனைவி மசா விடவில்லை. “உம்ம பின்பக்கத்துக்காக ஒரு பொண்ணோட ஆசைய முடக்கி வைப்பீரா, ஊர் சிரிக்கும்” என்று என் எதிரிலேயே கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, முத்திரை வைக்கிறேன். ஆனா அவ முதல்ல அனுப்பற அன்னிக்கு அந்த வீட்டு ஆள் ஒருத்தர் என் கழிப்பறையில உக்காரணும். ஒரு சொட்டு நனைஞ்சாலும் கம்பி இறங்கணும்” என்றார். நான் உட்காருகிறேன் என்றேன். “ஐயையோ அக்கா, நீங்களா” என்றார். எண்பது வயசுக்கு மேல எனக்கென்ன வெட்கம், என்றேன்.

அனுமதி வந்து, சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் நல்ல கிமோனோவையே கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உடுத்தினபடியேதான், பயப்படாதே. இருக்கை கதகதவென்று இருந்தது, நம் வீட்டிலும் ஒன்று வாங்கலாம். தொகாஷி ஒரு குடையை என் கையில் கொடுத்தார், நான் தப்பாக எதையாவது அமுக்கிவிடக் கூடாது என்று சுவரில் இருந்த ரிமோட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றார். சன்னலுக்கு நேர் எதிரே நம் வீட்டு அறை, அங்கே சிகுசா தொடங்கிவிட்டாள். அவள் அனுப்புவது ரொம்ப மெதுவான தந்தி, ஒரு புள்ளி போட்டு முடிப்பதற்குள் ஒரு மூச்சு இழுத்து விட்டுவிடலாம், அவள் பெயர்க் குறி முடிய ஒரு சோறு வெந்துவிடும். “வந்துச்சா அக்கா?” என்பார் தொகாஷி. வரல என்பேன். “இப்ப?” வரலப்பா. “கீழ ஏதாவது சத்தம்?” உன் சத்தம்தான், என்றேன். மசா வெளியே சிரிக்கிறாள். பாதி தாண்டியிருக்கும், திடீரென்று கீழே கிர்ரென்று ஒரு சத்தம், அடுத்த நொடி தண்ணீர் அடித்தது பார், குடை மேலே, தண்ணீர் கீழே. “பாத்தீங்களா! நான் சொன்னேனா இல்லையா! இறக்கு கம்பிய!” என்று தொகாஷி துள்ளினார்.

யோஷினரி, எனக்குத் தொண்டை வரைக்கும் அலறல் வந்துவிட்டது. ஆனால் நான் அலறினால் சன்னல் வழியாகச் சிகுசாவுக்குக் கேட்கும், பாட்டிக்கு என்னவோ என்று விட்டுவிட்டு ஓடி வருவாள், குறி நடுவிலேயே அறுந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் மசா, “ஐயா, கத்தாம உம்ம கையப் பாரும்” என்றாள். பார்த்தால், பதற்றத்தில் ரிமோட்டை நெரித்துப் பிடித்திருக்கிறார், கட்டைவிரல் சரியாகக் கழுவும் பொத்தான் மேல். விரலை எடுத்தார், தண்ணீர் நின்றது. முகம் ஊறவைத்த பிளம் பழம் மாதிரி ஆகிவிட்டது. பேட்டரிகளைக் கழற்றி மசாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்தார். எழுந்திருங்க அக்கா போதும் என்றார், அவள் முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நனைந்த கிமோனோவோடு கடைசிப் புள்ளி வரைக்கும் இருந்தேன், அதற்குமேல் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி இனி இறங்காது, தொகாஷி தன் வாயாலேயே சொல்லிவிட்டார். சிகுசா வாசலில் ஓடி வந்து “அப்பாவுக்குக் கேட்டுடுச்சு பாட்டி!” என்று கட்டிக்கொண்டபோது, “ஏன் ஈரமா இருக்கீங்க” என்று கேட்டாள். தொகாஷி என்னைப் பார்த்த பார்வையில், தேநீர் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ரிட்சுகோவிடம் என் ஆசியைச் சொல். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், அளவான காற்றும், உடையாத அலைகளும் அமையட்டும். கழுத்துத் துண்டை மறக்காதே. ஒபோன் பண்டிகைக்கு வரும்போது முதலில் தொகாஷி வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போ, கழிப்பறைப் பேச்சை நீயாக எடுக்காதே. இன்னொன்று. உன் கணினித் திரையில் சிகுசாவின் குறி ஒரு கோடாக இறங்கி வந்தது, புள்ளிக்குப் புள்ளி அறுபடாமல் சுத்தமாக இருந்தது என்று எழுதியிருந்தாயாம். அந்தப் படத்தை இரண்டு பிரதி எடுத்து அடுத்த கப்பலில் அனுப்பு, ஒன்று எனக்கு, ஒன்று தொகாஷி கேட்கிறார். நடுவில் பாதிக்குச் சற்றுக் கீழே உற்றுப் பார், கோடு அங்கேயும் ஒரே சீராகத்தான் இருக்கும். உன் அம்மா நனைந்துகொண்டிருந்தது அந்த இடத்தில்தான்.

உன் அம்மா,
கியோனோ