போயிட்டு வரேன்னுதானே சொன்னேன்!

மே 4, திங்கள்

மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊருக்கு வந்து சேர்ந்தோம். கட்டினால் இந்த ஊர்ப் பையனைத்தான் என்கிறாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அவன் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. பேச்சே புரியாத சம்பந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாராம். நியாயம்தானே?

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். "அம்மா, நீ சும்மா சிரிச்சுக்கிட்டு உட்காரு, போதும்" என்கிறாள் மகள். வாயை என்ன வீட்டிலா பூட்டி வைத்துவிட்டு வந்தேன்?

மே 5

ஊர் சுற்றிக் காட்ட ஒரு கைடு. கொக்கு மாதிரி நெட்டை. நம் ஆட்களோடு சுற்றியே தமிழ் பழகிக்கொண்டானாம். மணிக்கூண்டைக் காட்டினான். "அது எங்கயும் ஓடிடாது தம்பி. உங்க பாஷையில வணக்கம் எப்படி? அதை முதல்ல சொல்லு" என்றேன்.

"அக்கா நிறைய படிப்பு?"

"அஞ்சாம் கிளாஸ். அதுவும் என் தொல்லை தாங்காம வாத்தியார் ஏத்தி விட்டது."

மே 6

நலமா, நன்றி, டீ நல்லா இருக்கு. மூன்றும் மனப்பாடம். வீட்டுக்காரர் நன்றி சொன்னால் தும்முகிற மாதிரியே இருக்கிறது.

மே 8

கிளம்பும்போது சொல்ல ஒரு சொல் கொடுத்தான். அர்த்தம் கேட்டால், "போறேன்" என்கிறான். அடப்பாவி! நல்ல காரியம் பேசப் போற வீட்டுல போறேன்னா சொல்லுவாங்க? "போயிட்டு வரேன், அதுக்குச் சொல்லு" என்று விடாப்பிடியாக நின்றேன். தலையைச் சொறிந்து, போவதையும் வருவதையும் ஒட்டுப்போட்டுக் கொடுத்தான்.

மே 9, சனி

போனோம். அந்தம்மா கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டீ நல்லா இருக்கு என்றேன். தலை லேசாக அசைந்தது, அவ்வளவுதான். மகள் முன்னே படியிறங்கிவிட்டாள்; நான் வாசலில் நின்று அவர்கள் பாஷையில் கணீரென்று "போயிட்டு வரேன்" சொன்னேன். விழித்தார். நான் ஜம்மென்று நடந்தேன்.

அறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் பையனிடமிருந்து போன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னம்மா சொல்லித் தொலைச்ச? இப்பவே திரும்பி வரேன்னு சொல்லியிருக்க! அவங்க மறுபடி டீ போட்டு வச்சுட்டு வாசல்லயே நிக்கிறாங்களாம்!"

ஐயோ, எல்லாம் போச்சா?

"மன்னிப்பு கேட்டுடறேன்" என்றாள்.

"எதுக்குடி? வரேன்னு சொன்னோம்ல? செருப்பை மாட்டு."

திரும்பவும் போய் நின்றோம். நாங்கள் யாருமே போறேன் என்று சொல்லமாட்டோம், திரும்பி வர வேண்டும் அல்லவா என்று மகள் விளக்கினாள். அந்தம்மா ஆறிப்போன டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், கஞ்சியெல்லாம் கரைந்துவிட்டது! கல்யாணம் எந்த மாதம் என்று அவரேதான் கேட்டார்.

மே 12

விமான நிலையத்துக்கு அந்தம்மாவும் வந்திருந்தார். கைடு தம்பியைப் பிடித்துத் தமிழ் படித்திருக்கிறார்! நான் உள்ளே நுழையப் போகிறேன், பின்னாலிருந்து குரல்: "சம்பந்தி! வந்துட்டுப் போங்க!"

முன்னே பின்னே மாற்றிப் போட்டுவிட்டார். மகள் திருத்த வாயெடுத்தாள். கண்ணாலேயே அடக்கினேன்.

பெட்டியை வீட்டுக்காரர் கையில் திணித்தேன். திரும்பி வந்து, சம்பந்தியை இறுகக் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் போனேன்.