பார்பரா வரைந்த முகம்

திரிங்காப்
ஆகஸ்டு 1952

அன்பு மகன் அருள்சாமிக்கு அம்மா பிலோமி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் பெண்சாதி பார்பராவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடுகிறோம், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டைக்கும் கப்பலுக்கும் நடுவே நிற்கிற உனக்கும் கை கால் பத்திரமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடமே கேட்டிருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, அப்பாவுக்கு பேக்டரி வேலை முடிந்து வந்தால் முழங்கால் வலி. உன் கடிதம் கிடைத்தது, ஆனால் உறை ஒட்டியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுச் சோற்றைத் தடவி மூடினது போல இருந்தது. அதனால் இதை எஸ்டேட் ஆபீசில் கொடுக்கவில்லை. கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிற மூசா பாயிடம் கொடுத்து, காய்கறி லோரியில் தாப்பாவுக்கு அனுப்பித் தபாலில் சேர்க்கச் சொல்வேன். மூசா நல்ல மனுசர்தான், இருந்தாலும் நூல் சுற்றித்தான் கொடுப்பேன்.

பார்பரா ஆபீசில் உட்கார்ந்து அந்நிய ஆம்பளை முகம் வரைகிறாளாமே, துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்காரனை அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். யார் எழுதினது என்று நீ சொல்லவில்லை, எனக்குத் தெரியும், மலையில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி கருப்பையாதான். நானும் அவளைச் சந்தேகப்பட்டவள்தான் ராசா, பொய் சொல்ல மாட்டேன். அடுப்புக் கரி குறைந்துகொண்டே வந்தது, கட்டிலுக்கடியில் எதையோ சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். காட்டுக்காரனுக்கு அரிசி சேர்க்கிறாளோ என்று நினைத்தேன், இந்தக் காலத்தில் ரேஷனுக்கு மேல் ஒரு படி அரிசி இருந்தால் குடும்பத்தோடு கம்பிக்குள் போக வேண்டியதுதான். அவள் மலைக்குப் போன நேரம் பார்த்து இழுத்துப் பார்த்தேன். தேயிலைப் பெட்டிப் பலகைகள், அதில் கரியால் போட்ட படங்கள், அத்தனையும் பெண்கள். கூடையோடு குனிந்தவள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், முள்கம்பி கேட்டில் சோதனைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள். ஒரு ஆம்பளை கூட இல்லை. இத்தனையையும் பார்த்து வைத்திருக்கிறாளே என்று எனக்கு அது அரிசியைவிடப் பயமாக இருந்தது, இருந்த மாதிரியே மூடி வைத்துவிட்டேன்.

போன மாதம் மேல்மலையில் கொழுந்து எடுக்கும்போது துப்பாக்கியோடு ஒருவன் காட்டிலிருந்து இறங்கி வந்து, பக்கத்து லயத்துத் தங்கம்மா கேட் சோதனைக்குத் தப்பி மடியில் ஒளித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பார்த்தது தங்கம்மாவும் சீதாவும் மட்டும். கங்காணி அதை எப்படியோ மோப்பம் பிடித்துச் சொல்லிவிட, வெள்ளைக்கார ஆபீசர் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, அவன் முகத்தைச் சொல்லாவிட்டால் நீங்களே கிழங்கு கொடுத்ததாக எழுதி இரண்டு பேரையும் உள்ளே வைப்பேன் என்று ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியை விட்டுச் சொல்ல வைத்தார். அதுகள் அழுதுகொண்டே நின்றதுகளாம். அப்போது கிராணி, பேக்டரி சூசைமுத்து மருமக நல்லா படம் போடுவா சார் என்றாராம். அவருக்கு எப்படித் தெரியும் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை, அதையும் விசாரிக்கத்தான் போகிறேன். பார்பராவைக் கூட்டிப் போனார்கள், நானும் வாசலிலேயே நின்றேன். ஒரு பொம்பளையா வரையப் போறா என்று உள்ளே சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைச் சீதா சொன்னாள், வாயைத் தங்கம்மா சொன்னாள், இவள் வரைந்து கொடுத்தாள், மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தை அச்சடித்து பேக்டரி சுவரில், மூசா கடையில், கோலா தெர்லா போகிற ரோட்டிலெல்லாம் ஒட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. உன் அப்பாவுக்கு அது அவருடைய சித்தப்பா மகன் மாதிரி இருந்தது, மூசாவுக்குத் தன் கடைச் சமையல்காரன் மாதிரி இருந்தது. லயத்தில் ஒருத்தனை ஒருத்தன் ஓரக்கண்ணால் பார்ப்பதும் மீசையை எடுப்பதும் கூட்டமாக உட்காராமல் போவதுமாக ஆகிவிட்டது. பெண்கள் மட்டும் படத்துக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. நானும் போய் நின்றேன். மூக்கு யாருடையதோ, காது யாருடையதோ, ஆனால் அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கக் குனியும்போது முதுகில் ஊர்கிற கண், பேச்சுக்கு மசியாதவளை அட்டை மண்டிய சரிவுக்கு அனுப்புகிற கண். சீதாவைத் தண்ணிக்குழாயில் தனியாகப் பிடித்து, மூணு பேரும் பேசி வச்சுத்தான் கங்காணிய மாட்டி விட்டீங்களாடி என்று கேட்டேன். இல்லக்கா, சத்தியமா ஒண்ணும் பேசிக்கல, துப்பாக்கியப் பாத்ததுல அந்த ஆளு முகத்தயே நாங்க பாக்கல, ஆபீசர் அதட்டி அதட்டி உங்கள பயமுறுத்துன முகத்தச் சொல்லுன்னாரு, எங்களுக்குத் தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதானக்கா என்றாள். எனக்குக் குடம் நிறைந்து வழிந்தது கூடத் தெரியவில்லை.

கருப்பையாவுக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்காருகிறோம், வாசலில் வந்து நின்று, என்னய வரஞ்சிருக்கியாமே, என்ன திமிருடி உனக்கு என்று கத்தினான். அப்பா எழுந்துவிட்டார். பார்பரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கூடக் கீழே வைக்கவில்லை. நா யாரு பேரும் சொல்லலியே கங்காணி, நீங்கதான சொல்றீங்க என்றாள். லயமே எட்டிப் பார்த்தது, அவன் துண்டை உதறிக்கொண்டு போனான். அடுத்த வாரம் கோலா தெர்லா ரோட்டில் புதிதாக வந்த பட்டாளத்துக்காரன் நோட்டீசையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டான். எஸ்டேட் துரை போய் இது நம்ம ஆள் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். இவனுக்காகத் தினம் அலைய முடியாது என்று பேக்டரியில் பெட்டி எண்ணப் போட்டுவிட்டார். இப்போது மலைக்குக் கங்காணி முனியாண்டி, அவர் பார்ப்பது இலையை மட்டும்தான். கருப்பையாவுக்கு வந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பிக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பகீர் என்கிறது. ஆனால் அட்டைக்காட்டுக்குப் போகாமல் பெண்கள் வேலை செய்கிறார்கள், அதுவும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆபீசர் மறுபடி வந்து, மாதச் சம்பளம் தருகிறேன், போலீசுக்கு முகம் வரைந்து கொடு என்றார். பார்பரா மாட்டேன் என்றாள். யாரோ சொல்ல நா வரஞ்சு யாரோ சாகறதா, ஒரு தடவையே எனக்குத் தூக்கமில்ல அத்தை என்றாள் என்னிடம். அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் சாயங்காலம் ஒவ்வொருத்தியாக வந்து என்னையும் வரை என்று உட்காருகிறார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே படம் சர்க்கார் அடையாளக் கார்டில் ஒட்டினதுதானே, அதில் எல்லோரும் கைதி மாதிரி இருக்கிறார்கள். நேற்று என்னையும் உட்காரச் சொன்னாள். முடிந்ததும் பார்த்தேன், யாரையும் நம்பாத ஒரு கிழவி பலகையிலிருந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சிரிச்ச மாதிரி மாத்தேன்டி என்றேன். அப்ப அது வேற யாரோ ஆயிடும் அத்தை என்றாள். இன்னும் அவளை நான் முழுசாக நம்பவில்லை ராசா, அதிகம் பார்க்கிற பெண். ஆனாலும் படத்தை உள்ளே வைக்க மனசு வரவில்லை, வாசலைப் பார்த்து மாட்டச் சொன்னேன். யார் வருகிறான் போகிறான் என்று நான் இல்லாத நேரத்தில் அந்தக் கிழவி பார்த்துக்கொள்ளட்டும்.

மழையில் நனையாதே, ரயிலில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கு, கருப்பையா கடிதத்துக்குப் பதில் போடாதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமசுக்கு நீ வந்தால் உன்னையும் வரைய வேண்டும் என்று பார்பரா ஒரு நல்ல பலகையை எடுத்து வைத்திருக்கிறாள். அவள் முன்னால் உட்காரும்போது நீ அவளை எப்படிப் பார்க்கிறாய் என்று ஞாபகம் வைத்துக்கொள், அதுதான் படத்தில் வரும்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
சூ. பிலோமி