ஓதாமல் அறுத்த கோழி

08.11.1999, திங்கள்

கத்தாரில் வேலை செய்யும் மாப்பிள்ளை ஒருத்தன் தன் கலியாணச் சாப்பாட்டை என் ஹோட்டலில் சொல்லிவைத்திருந்தான். இன்று நிறுத்திவிட்டான். அவன் வாப்பா என் முகத்தைப் பார்க்காமல், "மகன் இன்டர்நெட்டில என்னமோ பார்த்தானாம் சேர்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் பதவியை என்னைவிடப் படிப்புக் குறைந்தவனுக்குக் கொடுத்தார்கள். படிப்பித்தலை விட்டுக் கடை திறந்தேன். இதையும் விடமாட்டார்களா?

10.11

கொமியூனிகேஷன் கடைக்குப் போய் இன்டர்நெட்டில் பார்த்தேன். ஊர்ப் பொடியன்கள் தோஹாவிலிருந்து நடத்தும் பக்கம். பெயர் போடாமல் ஒருவன் எழுதியிருக்கிறான்: என் கடைக் கோழி ஓதி அறுத்ததில்லையாம், கொழும்பிலிருந்து பெட்டியில் வருகிறதாம். பச்சைப் பொய். பள்ளிவாசல் லெப்பை என் கண்முன்னே பிஸ்மி சொல்லி அறுக்கிறார். அடுத்த மாதம் நோன்பு. இது பரவினால் கடையை மூடவேண்டியதுதான்.

காலிதீன்தான். தங்கச்சி புருஷன். என்னிடம் தொழில் பழகி, எனக்கு எதிரிலேயே கடை போட்டவன். வேறு யாருக்கு இதில் லாபம்?

11.11

சட்டத்தரணி அழகரெத்தினம் பொறுமையாகச் சொன்னார். பக்கத்தை நடத்துகிறவர்களிடம் எடுக்கச் சொல்லலாம். எழுதியவன் தெரிந்தால் கோரிக்கைக் கடிதம், பிறகு நட்டஈட்டு வழக்கு. அவதூறு குற்றமும்தான், ஆனால் சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும்.

"ஆர் எழுதினதெண்டு காட்ட என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் சேர். நீதிபதிக்கு?"

சாட்சி கிடைக்கும்வரை வாயைத் திறக்கவேண்டாமாம். பொடியன்களிடம் நான் கெஞ்சுவதா?

19.11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிய எழும்பி மைக்கில் பேசினேன். பொய்யை வரி வரியாக உடைத்தேன். எழுதியது என் மச்சான் காலிதீன் என்றும் சொன்னேன். பள்ளிவாசல் நிறைந்த சனம், ஒரு இருமல்கூட இல்லை. நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

21.11

பகல் புரியாணி அப்படியே மிஞ்சிவிட்டது.

ஹாஜறா சொல்கிறாள்: "இந்தத் தெருவில ஒரு ஆளுக்கும் கோழிக் கதை தெரியாது. நீங்கதானே மைக்கில சொன்னீங்க. ஒண்டுமில்லாட்டி மனிசன் ஏன் எழும்பி நிண்டாரெண்டு கேக்கிறாக."

பெண்டாட்டி வாயால் கேட்கவேண்டியிருக்கிறது.

25.11

தோஹாவில் இருக்கும் ஹாஜறாவின் கூடப்பிறந்த நானா அந்தப் பொடியன்களோடு கதைத்தாராம். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஒரு டெலிபோன், அவ்வளவுதான். எழுதியவன் அங்கே லொறி ஓட்டும் அக்கரைப்பற்றுக்காரனாம், யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினானாம். காலிதீனை அவனுக்குத் தெரியவே தெரியாதாம்.

அப்படியா? அந்த யாரோ யார்?

02.12

காலிதீனின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம். மன்னிப்பு, நட்டஈடு, இல்லாவிட்டால் வழக்கு.

அழகரெத்தினம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாம அனுப்ப நினைச்ச கடிதம்தான் சேர் இது."

"எதிர்த்து நிக்கேலாதா?"

"உங்கட வழக்குக்கு ஒரு சாட்சியும் இல்ல. அவர்ர வழக்குக்கு ஒரு பள்ளி நிறையச் சாட்சி."

சிரித்திருந்தால் எழும்பி வந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

06.12

எங்கள் குடி மரைக்காயர் அப்துல் ஸமட் வீட்டுக்கு வந்தார். குடியில் உள்ள குடும்பங்களுக்குள் வரும் பிணக்கெல்லாம் முதலில் அவரிடம்தான் போகும். நான்தான் போகவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் தேத்தண்ணீரைக் குடித்தார்.

"கோட்டுக்குப் போனா உங்கட தங்கச்சி எந்தப் பக்கம் நிக்கிற? எங்க சொன்னீங்களோ அங்கயே திருப்பிச் சொல்லுங்க தம்பி. காலிதீன் அதோட விடுறெண்டு வாக்குத் தந்திருக்கான்."

யோசிக்கிறேன் என்றேன்.

07.12

யோசிக்க என்ன இருக்கிறது.

16.12, வியாழன்

நோன்பு திறக்கும் நேரம். காலிதீன் கடை வாசலில் சனம் வீதிவரை நிற்கிறது. என் கடையில் நானும் சமையல்காரனும்.

நாளை ஜும்ஆவில் பேசவேண்டியதை எழுதிப் பார்த்தேன். நீளமாக வந்தது, வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நான் காலிதீனைப் பற்றிச் சொன்னதில் உண்மை இல்லை.

உள்ளுக்குள் அவன்தான் என்று இன்னும் கிடக்கிறது. இருந்தும் சொல்லத்தான் வேண்டும்.

ஹாஜறா வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை.