துண்டின்கீழ் ஒளிந்த நெல்விலை

மங்கலம் பெருகுக. குவளநாட்டையும் கடல்சூழ் தீவுகளையும் ஒருகுடைக்கீழ்ப் புரக்கும் கோமாவேழர் திருமுன்பு, ஆழிவாயில் துறையைக் காக்கும் பூவன் எயினன் அடிதொழுது விடுக்கும் ஓலை. தலைநகரின் ஏரிகள் நிறைக. அரண்மனை நலம் பொலிக.

இத்துறையில் எவரும் சொல்லாமலே அனைவரும் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு: நெல்லின் மெய்விலையை எவரும் உரக்கக் கூறார். ஒரு கலம் நெல் இரண்டு காசு என்று அரசாணை பறையறையப்பட்ட நாள்முதல், வாய் இரண்டென்னும். தோள்துண்டை விரித்து அதன்கீழ்க் கோத்த விரல்கள் ஐந்தென்னும். அந்நேரம் அவ்வழியே செல்லும் காவலர் வானத்துப் பறவைகளை எண்ணுவர். அடியேனும் எண்ணியதுண்டு.

ஆணையை வகுத்த பேரமைச்சர் பசித்தோர் பொருட்டே வகுத்தார். அவர் நெஞ்சில் மாசில்லை. ஆயினும் முன்பு திங்கள்தோறும் நெல்லேற்றி வந்த நாவாய்கள் நாற்பது; சென்ற திங்கள் வந்தவை மூன்று. இரண்டு காசை முடிந்துகொண்டு வந்த நெசவாட்டி பூதி வெறுங்கூடையுடன் மீண்டாள். விலை மலிந்திருந்தது, நெல் இல்லை.

விலை என்பது வணிகர் புனைந்த பொய்யன்று. ஓரூரின் பசியை, அவ்வூரின் பெயரும் அறியாத தொலைநாட்டு உழவனுக்கு உரைக்கும் தூது அது. அமைச்சர் எத்துணைப் பேர் கூடி எண்ணினும் அத்தூது அறிந்ததை அறியார். கசந்த செய்தி கொணர்ந்தான் என்று தூதனை ஒறுத்தல் அரசநெறி அன்றென்பதைப் பெருமான் அறிவீர்.

இந்நிலையில், நக்கன் சாத்தி என்னும் நாவாய்வணிகப் பெண், நெல் கொள்வான்போல் வந்த தலைநகர் ஒற்றனிடம் துண்டின்கீழ் ஐந்து விரல் காட்டி அகப்பட்டாள். சந்தை நடுவே அவள் வலக்கையைக் களைக என்று ஆணை வந்தது. ஆணையை ஏன் மீறினாய் என்று சிறையில் அடியேன் வினவியபோது, இரண்டு காசுக்கு விற்கச் சந்தைக்கு ஆணையிட்டீர், இரண்டு காசுக்கு விளைய எவ்வயலுக்கு ஆணையிட்டீர் என்று நகைத்தாள். வந்தவனை ஐயுறவில்லையோ என்றதற்கு, அவன் விரல்களில் பசியில்லை, அப்போதே ஐயுற்றேன், ஆயினும் கொள்வோனிடம் குலம் கேட்டு விற்பதில்லை என்றாள். அவளுடைய ஆறு நாவாய்கள் நெல்லுடன் முகத்துவாரத்துக்கு அப்பால் நிற்கின்றன. அவள் கை வீழ்ந்தால் அவை திரும்பும், பிறவும் வாரா.

இல்லார் என்செய்வர் என்று பெருமான் வினவுதல் தகும். அவர்க்கு அளித்தற்கென்றே அடியேன் என் ஆற்றங்கரை நிலத்தை விற்றேன். ஈகை ஈவோன் கையிலிருந்து வருதல் வேண்டும். பிறன் கையை வெட்டிப் பெறுவது ஈகையன்று.

ஆதலின் இன்று நண்பகல், வாளேந்தி நின்றவரை விலக்கிச் சாத்தியின் கட்டை அவிழ்த்தேன். ஊரார் சூழ நிற்க, நிலம் விற்ற பொருளுடன் அவள்முன் நேர்நின்று விலை பேசலானேன். காவலர்க்கு ஒரு துண்டு கிடைக்கவில்லையோ என்று கூட்டத்தில் ஒருவன் எள்ளினான். கலம் ஐந்து காசு, நூறு கலம் கொண்டேன் என்று, கடைத்தெருவின் இருமுனையும் கேட்கக் கூவினேன். இனித் துறையில் எவரும் அவ்வாறே கூவுக என்று ஆணையுமிட்டேன்.

இது குற்றமாயின், களையத்தக்க வலக்கை அடியேனுடையது. அக்கையாலேயே எழுதித் துறைமுத்திரை பொறித்தேன்.