மச்சினனின் உதட்டோரம்

3-6-1974, திங்கள்

கல்லூரியில் இன்று தர்க்க வகுப்பில் அனுமானப் பாடம் நடத்தினேன். பிறர் மனத்தை யாரும் பார்த்ததில்லை. உடம்பில் தெரியும் குறிகளை வைத்து ஊகிக்கத்தான் முடியும் என்றேன். வீட்டுக்கு வந்து அதையே மனைவி பழனாத்தாளிடமும் சொன்னேன். “அப்ப பதினோரு வருசமா எனக்கு மனசு இருக்குதுன்னு ஊகிச்சுக்கிட்டுத்தான் இருக்கறீங்களாக்கும்” என்றாள்.

9-6, ஞாயிறு

தென்னையிலிருந்து விழுந்த என் மச்சினன் காளிச்சாமியை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். கண் திறந்தே இருக்கிறது. பேச்சில்லை, கைகால் அசைவில்லை. ஊட்டினால் கஞ்சி இறங்குகிறது. இனி அறிவு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழனாத்தாளோ தம்பியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊட்டுகிறாள்.

17-6

அவளுடைய பெரியப்பா பொங்கியண்ணன் பெருமாட்டியிலிருந்து வந்திருந்தார். உள்ளே ஆளே இல்லாத உடம்பை எதற்கு வருத்த வேண்டும், கஞ்சியை நிறுத்திவிடலாமா என்று, படித்தவன் என்பதால் என்னைக் கேட்டார். குறி எதுவும் இல்லை, ஆகவே மனம் இருப்பதாக ஊகிக்க இடமில்லை என்றேன். பழனாத்தாள் எழுந்து போய்விட்டாள்.

தர்க்கப்படி சரியாகத்தானே சொன்னேன்? சரின்னா எனக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?

18-6

என்னோடு பேசவில்லை.

23-6, ஞாயிறு

பேசினாள் — தம்பியிடம். பெண் பார்க்கப் போன அன்று நான் வெள்ளை வேட்டியோடு சாணிக்குழியில் கால் விட்ட கதை. காளிச்சாமியின் உதட்டோரம் லேசாக இழுத்தது. நரம்புத் துடிப்பாக இருக்கும் என்றேன்.

அவள் விடவில்லை. அதே கதையைப் பெரியப்பா கால் விட்டதாகச் சொன்னாள். அசைவில்லை. மறுபடி நான் விட்டதாகச் சொன்னாள். இழுத்தது. இப்படி மாற்றி மாற்றி மூன்று தடவை.

“நரம்புக்கு ஆள் அடையாளமெல்லாம் தெரியுதுங்களே மாமா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

24-6

பெரியப்பாவுக்குக் கடிதம் போட்டேன்: நான் சொன்னது தப்பு, காளிச்சாமி இருக்கிறான், கஞ்சி நிற்காது.

11-8, ஞாயிறு

காளிச்சாமிக்கு இப்போது நினைத்தபடி கண்ணை மூடித் திறக்க வருகிறது. இன்று நான் ஊட்டினேன். சும்மா ஊட்டக் கூச்சமாக இருந்ததால், ஜடப்பொருளிலிருந்து அறிவு பிறக்குமா என்ற இந்த வாரப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். எத்தனை முறை கூப்பிட்டும் திறக்கவில்லை. பதறிப்போய்ப் பழனாத்தாளை அழைத்தேன்.

எட்டிப் பார்த்தாள். “பாடத்த நிறுத்துங்க மாமா.”

நிறுத்தினேன். கண்ணைத் திறந்தான். பிறகு வாயையும்.