போன வருஷத்துப் பட்டியல்

மே 12, 2025, திங்கள்

முதல்வர் அக்னஸ் மேடம் இன்று எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜூன் 13 மாலைக்குள் பதினைந்து பேர் சேராத துறைக்கு இந்த வருஷம் முதலாண்டு கிடையாது. குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். டீ மட்டும் நன்றாக இருந்தது.

என் புள்ளியியல் துறையில் இதுவரை இரண்டு பேர். அதில் ஒருவன் ஆங்கில இலக்கியத்தில் இடம் கிடைக்கிறவரை எங்களிடம் ஒதுங்கி நிற்கிறான். அவனைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா?

முதலாண்டு இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. பதினேழு வருஷ சர்வீஸ், எம்.பி.ஏ. பக்கம் தள்ளிவிடுவார்கள். டெல்பினுக்குத்தான் வேலை போகும். துறையில் நாங்கள் இரண்டே பேர். அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பொன்மலையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எனக்கு முன்னால் துறைக் கதவைத் திறக்கிறவள். நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியச் சொல்வதை அவள் இருபது நிமிஷத்தில் புரிய வைத்துவிடுவாள். அவளை விடமாட்டேன்.

அட்மிஷன் பொறுப்பு வணிகவியல் ரெங்கராஜ் சாரிடம். அவர் துறை தானாகவே நிரம்பிவிடும். வெளியே வரும்போது, "கணக்குத் தெரிஞ்சவங்க நீங்க. பதினைஞ்சு ஒரு நம்பரா மேடம்?" என்றார். சிரித்து வைத்தேன்.

மே 14, புதன்

நேற்றும் இன்றும் போன், போன், போன். பள்ளிகளுக்கு நாங்கள் பேசப் போகும்போது பிளஸ் டூ பிள்ளைகள் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கணக்குப் பாடம் எடுத்தவர்களை மட்டும் பிரித்து, ஆளுக்குப் பாதியாக நானும் டெல்பினும் கூப்பிடுகிறோம்.

பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுத்தவர்களில் பாதிப் பேர் எங்கேயோ சேர்ந்துவிட்டார்கள். சிலர், "நான் போன வருஷமே முடிச்சிட்டேன் மேடம்" என்று வைத்துவிடுகிறார்கள். தட்டிக் கழிக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் போல. பொய்யாவது கொஞ்சம் புதிதாகச் சொல்லக் கூடாதா?

மே 15, வியாழன்

பொய் இல்லை. அது போன வருஷத்துப் பட்டியல்.

டெல்பின்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். ஃபைலைத் திறந்து எடுத்தது நான். தலைப்பில் 2024 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதல் வகுப்பில் நான் எல்லாருக்கும் சொல்வது என்ன? தரவைத் தொடுவதற்கு முன் அது எந்த வருஷத்தது என்று பார். சீ.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று நாள். இந்த மூன்று நாளில் மற்ற துறைக்காரர்கள் இந்த வருஷப் பட்டியலை இரண்டு சுற்று கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். டீ நேரத்துக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ரெங்கராஜ் சார், அடுத்து பத்து வருஷத்துக்கு முந்தின பட்டியலைத் தரட்டுமா என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். டெல்பின் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 16, வெள்ளி

யாருக்கும் போன் செய்யவில்லை.

மே 17, சனி

மத்தியானம் ஒரு நம்பரிலிருந்து அழைப்பு. ஜோதி, உப்பிலியபுரம். துறையூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் கூப்பிட்டபோது சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாளாம், பேச முடியவில்லை. கணக்கில் தொண்ணூற்று நான்கு மார்க். போன வருஷம் அப்பாவுக்குக் கால் முறிந்து, ஆஸ்பத்திரியிலேயே அட்மிஷன் காலம் ஓடிவிட்டது.

"ஒரு வருஷம் விட்டவங்களுக்குச் சீட்டுக் குடுப்பாங்களா மேடம்? எங்களை யாருமே கூப்பிடலை. நீங்கதான் கூப்பிட்டீங்க."

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இந்த வருஷம் முடித்த பிள்ளைக்கு இருபது கல்லூரியிலிருந்து போன் போகிறது. போன வருஷம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையை ஒருவரும் தேடுவதில்லை. அப்படி எத்தனை பேர்? முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறோம், இப்போது என்ன செய்கிறாய் என்று ஒருவரிடமும் கேட்கவில்லையே.

டெல்பினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதே பட்டியல், முதலிலிருந்து.

மே 21, புதன்

நாற்பத்தொரு பேர்! எங்கேயும் படிக்காதவர்கள் நாற்பத்தொரு பேர். என் தப்பை இப்போது எடுத்துக் கொஞ்சலாம் போலிருக்கிறது.

தென்னூர் மெஹ்ரீன், அண்ணன் கல்யாணத்தில் விண்ணப்பத் தேதியைத் தவற விட்டவள், நாளைக்கே வருகிறேன் என்கிறாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒருவன் இருக்கிறான், கேஷவ். இரண்டு தடவை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன். கோயில் கைங்கர்யம் முடித்து வந்திருந்த அவன் அப்பா வரது மாமா என்னை வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

"பாமா, நீ அவனண்ட பேசு. டாக்டர் ஆகலேன்னா பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்னு சொல்லு. நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கறான்."

பேசினேன். மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கடைசியில் முடிவு சொல்வது புள்ளியியல்தான் என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

மே 24, சனி

டெல்பினோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உப்பிலியபுரம் போனேன். ஜோதி கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா சந்திரம்மாள் வெங்காயக் காட்டிலிருந்து வந்து, மோர் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்றார். படிப்பு வேண்டாம் என்பதல்ல.

"கூடப் படிச்ச புள்ளைங்க ரெண்டாவது வருசம் போவுதுங்க. இவ போயி சின்னப் புள்ளைங்களோட உக்காந்தா, ஊரு என்ன பேசும்? அவளே குறுகிப் போயிருவாளுங்க."

டெல்பின் முந்திக்கொண்டாள். "அவ மட்டும் இல்லைங்கம்மா. எங்க க்ளாஸ்ல பாதிப் பேர் அப்படித்தான்."

அப்பட்டமான பொய். நேற்றுவரை எங்கள் வகுப்புக்கு நிச்சயம் வருகிறேன் என்று சொன்ன போன வருஷத்துப் பிள்ளை மெஹ்ரீன் ஒருத்திதான். பஸ்ஸில் வரும்போது திட்டினேன். "உண்மையாக்கிடலாம் மேடம்" என்றாள். திட்டுவதை நிறுத்திவிட்டேன். சந்திரம்மாள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மே 28, புதன்

ரெங்கராஜ் சார் விண்ணப்பம் தர மறுக்கிறார். போன வருஷம் முடித்தவர்களுக்கு வழக்கமில்லையாம். வழக்கம் வேறு, விதி வேறு. விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போனேன். இடையில் எங்கும் படிக்கவில்லை என்று ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் போதும் என்று அதில் இருக்கிறது. அக்னஸ் மேடம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பதினைஞ்சு பேர் வேணும்னுதான் சொன்னேன். எந்த வருஷம் முடிச்சவங்கன்னு நான் கேக்கலையே."

ரெங்கராஜ் சார் கையாலேயே இருபது விண்ணப்பம் எண்ணி வாங்கினேன். ஆஹா, என்ன சுகம்!

ஜூன் 3, செவ்வாய்

ஒன்பது. ஆங்கில இலக்கியக்காரன் போய்விட்டான். நன்றாகப் படிக்கட்டும், மகாராஜன். கேஷவ் அப்பா கூட வராமல் தானே வந்து பணம் கட்டினான்.

ஜூன் 12, வியாழன்

பதினான்கு. அதில் பத்துப் பேர் போன வருஷத்தவர்கள்.

நாளை மாலையோடு முடிகிறது. ஒன்றுக்காகத் துறையை மூடுவார்களா? மூடுவார்கள். அக்னஸ் மேடம் சொன்னால் சொன்னதுதான். டெல்பின் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். என்னடி செய்யறே, அதெல்லாம் இப்ப எதுக்கு என்று கத்திவிட்டேன். தூசி தட்டினாளாம். அவள் முகத்தைப் பார்த்தால் தெரியாதா எனக்கு? பயமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

மூன்று மணிவரை யாரும் வரவில்லை. மூன்றே காலுக்குத் துறை வாசலில் சந்திரம்மாள், பக்கத்தில் ஜோதி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். ஜோதியோடு ஒரே கடையில் வேலை பார்க்கிறவர்கள், ஒரே வருஷம் பிளஸ் டூ முடித்தவர்கள், அவர்களும் கணக்குப் படித்தவர்கள். மூன்று பேரும் ஒரே நாளில் வேலையை விட்டதில் முதலாளி கொதித்துப் போயிருக்கிறாராம்.

சந்திரம்மாள் என்னிடம், "தனியா அனுப்பத்தான் மனசு வரலைங்க. மூணு பேரா போறோம்னு வந்து நின்னா, நான் என்ன சொல்ல?" என்றார்.

ஆபீசுக்கு ஓடினேன். இந்த வயசில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான்கு மணி அடிப்பதற்குள் மூன்று ரசீது.

பதினேழு! அதில் பதின்மூன்று பேர் போன வருஷத்தவர்கள். பாதி என்று சொன்ன டெல்பின் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். அழுதாள். நானும்தான். ரெங்கராஜ் சார் வந்து கை கொடுத்தார், அதில் கேலி இல்லை. பெருமையாக இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

டெல்பினுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. மூன்று வருஷத்துக்கு. வகுப்புக்கு இரண்டு பெஞ்சு கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

வகுப்பு முடிந்ததும் ஜோதி வந்து மேஜையருகே நின்றாள். ஹாஸ்டலில் ஏதாவது தொந்தரவோ, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று எனக்குப் பதைத்தது.

"நாலு மணிக்கு மேல க்ளாஸ் ரூம் சாவி தருவீங்களா மேடம்? என்கூட பிளஸ் டூ படிச்சவ இங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சிருக்கா. நான்தான் சொல்லித் தரணுமாம்."

சாவியைக் கொடுத்தேன். அவள் படியிறங்கிப் போனதும், இதைச் சொல்லச் சந்திரம்மாளுக்குப் போன் போட்டேன். சீட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு வீட்டுக்கு நான் போன் செய்தது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.