திருகாணி இல்லாத மூடி

பெப்ரவரி 20, வியாழன்
றஸீனா மதினி உம்றா முடித்து மக்காவிலிருந்து வந்துவிட்டா. என் புருஷன் மின்ஹாஜின் மூத்த சகோதரி சும்மா வருவாவா? ஏறாவூரில் பாதிப் பேருக்கு ஹதியா, அன்பளிப்பு. எனக்குப் பேரீச்சம்பழம், ஸம்ஸம் தண்ணீர், இறைவன் பேரைச் சொல்லும் திக்ரை விரலில் மாட்டி எண்ணுகிற டிஜிட்டல் தஸ்பீஹ் ஒன்று. அமத்தினால் எண் கூடும், சின்ன வெளிச்சம் வரும். என் மகன் ஹில்மிக்கு ஒன்றரை வயசுதான், பார்த்ததும் பறித்துவிட்டான். உம்மாவும் நானும் சிரித்தோம்.

மார்ச் 5, புதன்
நோன்பு இரவுகளில் நான் தராவீஹ் தொழும்போது அவன் அழாமல் இருக்க அதைத்தான் கையில் கொடுக்கிறேன். நல்ல பிள்ளையாக இருக்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு
ஆஸ்பத்திரி வாங்கில இருந்து எழுதுறன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாத்தா, தஸ்பீஹ் மூடி பாயில கழண்டு கிடக்கு. உள்ளுக்கிருந்த காசு மாதிரிப் பெட்டரி இல்ல. புள்ளைக்கு எச்சில் வடியுது, பால் இறங்கல்ல. உம்மா வாழைப்பழம் உரிச்சுக்கொண்டு வாறா. “நீயும் சின்னதில அம்பது சதக் காசு விழுங்கின. பழத்தக் குடு, நாளைக்கு வெளிய போகும்.” பழத்தத் தட்டிவிட்டன். உம்மாட கையிலயும் அடி பட்டது. ஆட்டோ பிடிச்சு மட்டக்களப்புக்கு வந்துட்டன்.

எக்ஸ்ரேயில நெஞ்சுக்கு மேல வட்டமா நிண்டது. எடுத்துட்டாங்க. “இது காசு இல்ல. சிக்கின இடத்தச் சுட்டுரும், ரெண்டு மணித்தியாலம் போதும். பழம் கிழம் குடுக்காமக் கொண்டு வந்தீங்க, நல்லம்” எண்டார் டொக்டர்.

உள்ளுக்கு வெந்திரிக்காம். அதக் கையில குடுத்தது ஆர்? நான்தான்.

மார்ச் 13
மூக்கால் குழாய் விட்டுத்தான் பால். அழுகிறான், சத்தம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்
வீட்டுக்கு வந்தோம். மின்ஹாஜ் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். புள்ளையைக் கேட்டார், அழுதார். பிறகு, “கடையில வாங்கின விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லு. இல்லாட்டி அக்காட முகம் என்னாகும்?”

“நோன்போட பொய் சொல்லச் சொல்றீங்களா?” எண்டன். வெச்சுட்டார். வைக்கட்டும். புருஷன்ட கோவம் ஆறும். புள்ளைட தொண்டை ஆறாமப் போனா?

மார்ச் 19, புதன்
மதினி ஹதியா கொடுத்த வீடெல்லாம் ஏறி இறங்கினேன், கையில் டேப் சுருளோடு. அஸ்மியா ராத்தா தஸ்பீஹை ஒட்டுவித்து, ரிமோட்டையும் கொண்டுவந்து நீட்டினா. அடுத்த வீட்டில், “மக்கத்துச் சாமானப் பறிக்கவா வந்த?”

“பறிக்க வரல்ல. மூடியில திருகாணி இல்ல, பாருங்க. பரக்கத்து, அருள் எல்லாம் திக்ருல இரிக்கி, பிளாஸ்டிக்குல இல்ல.”

கதவைச் சாத்தினா. நாளைக்கும் போவேன்.

மார்ச் 22
மதினி வீட்டில் நோன்பு திறக்கிற இஃப்தார். எனக்கு அழைப்பில்லை. எங்கள் அடுப்பிலும் கஞ்சி வேகும்தானே.

மார்ச் 31, திங்கள்
நோன்புப் பெருநாள். ஹில்மி வட்டிலப்பம் ரெண்டு கரண்டி தின்றான். இன்னும் வேணும் என்று கத்தினான், கரகரத்த குரலில். கத்துடா மனே.

ஏப்ரல் 4, வெள்ளி
பகல் மதினியின் போன். மூன்று கிழமைக்குப் பிறகு. சலாம்கூட இல்லை.

“பஸ்னா, பேத்திட பாட்டு பொம்மைல பெட்டரியக் காணல்லகா. எல்லாரும் பழம் குடுக்கச் சொல்றாங்க. நான் விடல்ல. ஆட்டோவுல ஏத்திட்டன். சரிதானே?”

“சரி மதினி. எங்கயும் நிக்காமப் போங்க.”

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பெட்டரி கட்டிலுக்கடியில் கிடந்ததாம். தெருவே சிரிக்கிறதாம்.

பின்னேரம் மதினி வீட்டுக்கு வந்தா. ஹில்மியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா. நாளைக்கு டேப் சுருளோட ரெண்டு பேரும் போறமாம். சிரிச்ச வீடுகளுக்குத்தான் முதல்ல.